ராமாமணி விழுங்காத மாத்திரை

"ஐயோ... ரத்தம்!"

சிங்காநல்லூர் மில் குடியிருப்பே அதிர்ந்தது. வருடம் 1964.

காசநோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் தாஜுன்னிசா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கிணற்றடியில் ராமாமணி சுருண்டு கிடந்தாள். உதட்டோரம் சிவப்பு. மூச்சு இருந்தது... மெல்லியதாய்!

பக்கத்தில் அவள் புருஷன் சுந்தரராஜுலு. மில்லில் மேஸ்திரி. மரம் மாதிரி நின்றான்.

"ஏனுங்க, மாத்திரையெல்லாம் ஒழுங்காத் தின்னாங்களா?"

"தின்னாளுங்க... தெனமும் நாந்தான் டப்பாவை எடுத்துக் குடுப்பேன்."

"அப்புறம் எப்படிங்க இத்தனை மோசமாச்சு?"

அவன் குனிந்து இருமினான். துண்டால் வாயை அழுத்திக்கொண்டான்.

மில் வண்டியில் ராமாமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள்.

மருந்தின் சுவடே இல்லை!

தாஜுன்னிசா தன்னையே நொந்துகொண்டாள். டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனோமே... விழுங்கினாளா என்று ஒரு நாளாவது பார்த்தோமா?

புருஷன்தான் மருந்தைக் கொடுக்கவில்லை என்று ராமாமணியின் அண்ணன் போலீசுக்கு ஓடியிருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் கந்தப்பன் வார்டுக்குள் நுழைந்தார்.

"ஏப்பா, ரெண்டாங் கல்யாணத்துக்கு அவசரமா? மாத்திரைய எங்க கொட்டுனே?"

சுந்தரராஜுலு தரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நாந்தானுங்க... நாந்தான் அவளக் கொன்னுபோட்டேன்!"

கந்தப்பன் விலங்கை எடுத்தார்.

"சொல்லு!"

"இருமல் மொதல்ல எனக்குத்தானுங்க வந்துச்சு. மில்லுல எக்ஸ்ரே எடுத்தப்ப, வேலை போயிரும்னு பயந்து என்ற பேர்ல வேற ஆள நிக்க வெச்சுபோட்டேன். எங்கிட்ட இருந்துதான் அவளுக்கு ஒட்டியிருக்கோணும். தெனமும் அவ மொகத்தப் பாக்கறப்ப... சொல்ல வாய் வல்லீங்க. ஆனா மாத்திரைய நான் கொட்டலீங்க!"

தாஜுன்னிசா நம்பவில்லை. இவனே திருட்டுத்தனமாக விழுங்கியிருந்தால்?

ஒரு பாட்டிலை நீட்டினாள். "நீங்களும் இதுல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க."

சோதித்தார்கள். அவன் சிறுநீரில்...

மருந்து!

"மாட்டுனியா!" கந்தப்பன் அவன் சட்டையைப் பிடித்தார். "பொண்டாட்டி மருந்தத் திருடித் தின்னுபோட்டு நாடகமா?"

"சத்தியமா இல்லீங்க! ஒண்ணு கூட நான் வாயில போட்டதில்லீங்க!"

"அவர உடுங்க..."

கட்டிலிலிருந்து ஈனசுரத்தில் குரல். ராமாமணி கண் விழித்திருந்தாள்.

"அவரு திருடலைங்க. நாந்தான் பொடிச்சுக் காப்பில கலந்து குடுத்தேன்."

"என்னது!"

"படுத்தா போர்வையக் கடிச்சுட்டு இருமுவாருங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, வேலை போயிரும்கறாரு. நான் வேற என்ன பண்றதுங்க?"

சுந்தரராஜுலு அவள் பாதத்தில் முகம் புதைத்தான். தோள் குலுங்கியது.

"என்ற பாவத்துக்கு நீயா அம்மணி சாகோணும்?"

"சாகலியே... பேசிட்டுத்தான இருக்கறேன்."

கந்தப்பன் விலங்கை இடுப்பில் செருகிக்கொண்டு தாஜுன்னிசாவிடம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, இதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறதுங்க?"

"அத எங்கிட்ட உடுங்க." தாஜுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம். தெனமும் என்ற கண்ணு முன்னால முழுங்கோணும்... ஜாமீன் கெடையாது!"