திரை மூடியிருந்தால் எழுப்பக் கூடாது

அவன் சொல்லாத ஒரு வரி போனில் இருந்தது.

'சாப்டேன்மா. சூடாத்தான் சாப்டேன்.'

அம்மாவுக்குச் செய்தி அனுப்பலாமென்று மைக்கை அழுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வாயையே திறக்கவில்லை. அதற்குள் வரி வந்து நின்றது. காய்ச்சலில் நாமே முனகியிருப்போம் என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டான். எப்படியும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பான்.

விரலால் எழுதுவதை அவன் விட்டு வெகுநாளாயிற்று. வேலை சலவைக்கூடத்தில். ஓட்டல் படுக்கை விரிப்புகளை ராத்திரி முழுக்க வெளுப்பு மருந்திலிருந்து அள்ளி அள்ளி, விரல் நுனிகளில் தோல் உரிந்து வழவழவென்று ஆகிவிட்டது. தொட்டால் போன் கண்டுகொள்வதில்லை. விரல் முட்டியால் மைக்கை அழுத்திப் பேசுவான், அது எழுதிக்கொள்ளும். காய்ச்சல் வந்த பிறகு அதுவே வசதியாகப் போயிற்று. எழுத்துக்கு இருமல் வராது. அப்பா போனதிலிருந்து அம்மாவுக்குப் படபடப்பு. பிள்ளை ஒரு தடவை இருமினாலே விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

வெளியே பகல். அறைக்குள் பகல் கிடையாது. ராத்திரி வேலைக்காரர்கள் தூங்குவதற்காக ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தார்கள். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு அவனுடையது. சுற்றிலும் பழைய விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தான். மேல்தட்டில் ஆள் இல்லை, வெறும் பெட்டிகள். அறைக்கு இருந்தது ஒரே சட்டம்: திரை மூடியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறான், எழுப்பக் கூடாது.

சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தமும், காயாத சாக்ஸின் வாடையும், எத்தனை குளித்தாலும் போகாத வெளுப்பு மருந்தின் நெடியும், திரை இடுக்கில் ஒரு கோடாக விழுந்த வராந்தா வெளிச்சமும் சேர்ந்து அவனைச் சுற்றி மெதுவாகக் கனத்துக்கொண்டே வந்தன. அவற்றுக்கு நடுவில், அவன் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் பின்தங்கி, இன்னொரு மூச்சு.

ஊரிலிருந்து அக்காவின் குரல் செய்தி வந்தது.

"என்னடா கலெக்டரே, வாயத் தொறந்து பேச மாட்டீங்களோ? எல்லாம் எழுத்துலதானா? உன் குரலக் கேக்கணும்னு அம்மா என் உசுர எடுக்குறாங்க."

பின்னாலிருந்து அம்மா: "தூங்குறானோ என்னவோ. விடுடி, பாவம்."

அவனுக்கு அழுகை வந்தது. நெஞ்சில் ஈர விரிப்புகளை மூட்டையாக ஏற்றி வைத்தாற்போல் இருந்தது. இனி மறைக்க முடியாது. சொல்லிவிட்டால் அக்கா யாரையாவது பிடித்து, பக்கத்துக் கட்டில் டிரைவர் அண்ணனுக்குத் தகவல் சொல்வாள். அவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். முட்டியால் மைக்கை அழுத்தினான்.

'முடியலம்மா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.'

உதடு அசைந்தது. வந்தது காற்று மட்டும்.

போன் எழுதியது: 'நல்லா இருக்கேன்மா. கொஞ்சம் தூங்குறேன். போன் பண்ணாத.'

அழிக்கப் பார்த்தான். வழவழத்த விரலைப் போன் கண்டுகொள்ளவில்லை. முட்டி தவறிப் பட்டு, செய்தி போய்விட்டது.

இந்தத் தடவை அந்த வரி அவன் காதிலும் விழுந்திருந்தது. தலைக்கு மேல், மேல்தட்டுப் பலகைக்கு அடியில், திரைக்குள்ளேயே. யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

அவனுடைய குரல்.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம். வேலையாட்களை வண்டியில் ஏற்றிப்போகும் டிரைவர் அண்ணன்.

"தம்பி, என்னப்பா, வண்டியில ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரி போலாமா?"

கையைத் தூக்கினான். திரை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை பாதியில் விழுந்தது.

"ஒண்ணுமில்லண்ணே," என்றது மேலிருந்த குரல், கொட்டாவியோடு. "தூக்கந்தான்."

செருப்புகள் திரைக்கு அருகே வந்து நின்றன. விரிப்பின் விளிம்பை விரல்கள் பிடித்தன. துணி அசைந்தது. வெளிச்சக் கோடு அகன்றது.

விரல்கள் விட்டன.

"சரி, தூங்கு. புது மாப்பிள்ளையாட்டம் தூங்கு. ராத்திரி உனக்கு ஜன்னல் சீட்டு போட்டு வைக்கிறேன்."

அண்ணே.

காற்று மட்டும்.

கதவு மூடியது. பூட்டு விழுந்தது.

போன் அதிர்ந்தது. அதில் அம்மாவின் படம். எடுக்க வேண்டும். கை வரவில்லை. கண் மட்டும் அசைந்தது.

சுவருக்கும் மேல்பலகைக்கும் நடுவிலிருந்து ஒரு கை இறங்கியது. மெதுவாக. ஈரமாக. விரல் நுனிகளில் தோல் இல்லை. விரலை மடக்கி, முட்டியால் போனை அழுத்தியது.

"சொல்லும்மா."

"அப்பாடா." அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "உன் குரலக் கேட்டுட்டேன்ல, இது போதும்டா. எனக்கு இனிமே நிம்மதியா தூக்கம் வரும். நீயும் தூங்கு ராஜா."

"தூங்குறேன்மா."

அந்தக் கை அவன் முகத்தைத் தாண்டி நீண்டது. வெளுப்பு மருந்தின் நெடி. டிரைவர் அண்ணன் விட்டுப்போன இடுக்கைத் தேடிப் பிடித்தது. வெளிச்சக் கோடு மறையும்வரை, திரையை இழுத்து மூடியது.