செல்வநாயகியின் தாடி

ஜப்பான்காரன் ஆண்ட காலம். டத்தோ கிராமாட் சாலை வீடு ஒன்றின் முன்னறையில் அந்தக் காலையில் நின்றவர்கள்...

குமாஸ்தா ஏரம்பமூர்த்தி.

அவர் தங்கை செல்வநாயகி. கனத்த உடம்பு, கல்யாணமாகாதவள்.

தைப்பிங் ஊரிலிருந்து உறவு என்று வந்திருந்த ருக்குமணி. தலையில் முக்காடு.

மொழிபெயர்ப்பாளன் பிச்சைமுத்து.

ஒரு ஜப்பான் சார்ஜன்ட். கையில் உருவிய வாள்!

"ராணுவக் கிடங்கைக் கொளுத்தினவன் சேலை கட்டிக்கிட்டு இந்தத் தெருவுக்குள்ள வந்துட்டான். யாரும் அசையக்கூடாது லா!" என்றான் பிச்சைமுத்து.

வாள்முனை செல்வநாயகியின் முகவாயில் வந்து நின்றது.

அங்கே... கருகருவென்று முள்தாடி!

"பொம்பளைக்குத் தாடியா? மாட்டிக்கிட்டியாடா மவனே!"

செல்வநாயகிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடம் குடமாகக் குடித்தாலும் தீராத தாகம் அவளுக்கு.

ஏரம்பமூர்த்தி கும்பிட்டார்.

"என் தங்கச்சி அண்ணே! வியாதிக்காரி. சூல்பையில நீர்க்கட்டின்னு டாக்டர் சொன்னாரு. தாடி, பருமன், நீரிழிவு... எல்லாம் அதோட வந்ததுதான். மருந்து இல்லாம உள்ள போட்டா செத்துருவா!"

"கழுத்து கருத்துக் கெடக்கே? கிடங்குப் புகையா?"

"அதுவும் வியாதிதான் அண்ணே!"

"நல்லா கதை விடுற!"

சார்ஜன்ட் கத்தினான். வாள் உயர்ந்தது...

"பொறுங்க!" செல்வநாயகி அலறினாள். "பக்கத்து வீட்டு மருத்துவச்சி ஹமீதாக்காவைக் கூப்பிடுங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும்!"

ஹமீதா வந்தாள். செல்வநாயகியை அறைக்குள் கூட்டிப்போனாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"அசல் பொம்பளை லா! இதையும் பாக்கச் சொன்னியே, உனக்கு வெக்கமா இல்ல?"

பிச்சைமுத்து மொழிபெயர்த்தான்.

பளார்!

"பக்கேரோ!" முட்டாளே என்று வைதான் சார்ஜன்ட்.

அடி விழுந்தது பிச்சைமுத்துவுக்கு. பூட்ஸ் சத்தம் தெருவில் தேய்ந்தது. ஹமீதாவும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஏரம்பமூர்த்தி தரையில் சரிந்தார்.

"தினம் சவரம் பண்றவ, இன்னிக்கு ஏன் பண்ணல தங்கச்சி? உயிரே போயிருக்குமே!"

"பண்ணியிருந்தா அவன் கண்ணு அந்தப் பக்கம் போயிருக்கும் அண்ணே."

ருக்குமணியின் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஒட்ட வெட்டிய தலை! மழமழவென்ற கன்னம்!

கிடங்கைக் கொளுத்தியவன்...!

"அக்கா..." ஆண்குரல் நடுங்கியது.

"வாயை மூடு. உள்ள போ!"

சாமான் அறைக்குள் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.

"எனக்கு முளைச்சதுல பாதி உனக்கு முளைச்சிருந்தா, இந்நேரம் நம்ம மூணு பேருக்கும் தலையே இருந்திருக்காதுடா தம்பி!"