காயத்துக்குள் இருந்த தீவனம்

பாலம்மா கொண்டுவந்த சட்டை இரத்தத்தில் விறைத்துப்போயிருந்தது. அவள் புருஷன் கணேஸின் சட்டை. பல்லேகலக் கோழித் தீவன ஆலையில் சாக்குத் தூக்குகிறவன் அவன். தீவனத்தில் மருந்தை அளக்கும் மஹ்மூத்தின் மண்டையைத் தீவனம் அள்ளும் சவலால் பிளந்தான் என்று, கூட வேலை செய்தவர்களே மிதித்து, விலா எலும்பை முறித்துப் பொலிசில் கொடுத்துவிட்டார்கள். கொலைக் கேஸ்.

"கோழி அறுக்கக்கூட என்னையத்தான் கூப்புடுவாரு, மிஸ்."

கைரியா மிஸ் சட்டையை மடித்து வைத்தார். அரசாங்க ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கல் வந்தால் பொலிஸ் இன்னும் அவரைத்தான் தேடும். பாலம்மாவைக் கூட்டி வந்த வேலாயி அதே ஆலையில் சாக்குத் தைக்கிறவள். கேட்கும் முன்னே நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

செவ்வாய் ஒன்பது மணிவரை மருந்துத் தீவனம் கலந்தார்கள். பிறகு அந்தச் சாக்குகளை அறையில் பூட்டி, இயந்திரத்துக்குள் வெறும் தவிட்டை ஓட்டி, சவல்களையும் துடைத்தார்கள். இல்லாவிட்டால் முட்டைக்கோழித் தீவனத்தில் மருந்து ஏறிவிடும். ஒன்பதரைக்குக் கணேஸ் லொறியோடு வத்தேகம ஊருக்குப் போய், மத்தியானத்துக்குப் பிறகுதான் திரும்பினான். பத்துக்கு மருந்தில்லாத தீவனம் ஓடத் தொடங்கியது. மத்தியானம் சாக்கு அடுக்குக்குப் பின்னால் மஹ்மூத் செத்துக் கிடந்தார், மேலே மருந்துத் தீவனம் கொட்டியபடி. ஆகவே ஒன்பதுக்கு முன்பே அடி விழுந்தது என்றார் மேற்பார்வையாளர் பஹீம். கணேஸோடு மஹ்மூத்துக்கு வாய்த்தகராறு நடந்ததும் அந்த நேரத்தில்தான்.

கைரியா பொலிசிடம் இரண்டு சிட்டிகை தீவனம் கேட்டு வாங்கினார். உடம்பின் மேலிருந்து ஒன்று, காயத்துக்குள்ளிருந்து ஒன்று. இரண்டிலும் உள்ள மருந்தை இரண்டு நாள் அளந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆலையில் எல்லோரையும், பொலிசையும், நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"மேல கிடந்ததில மருந்து இருக்கு. காயத்துக்குள்ள ரத்தத்தோட இறுகினதில துளியும் இல்ல. அப்ப அடிச்சது, பத்து மணிக்குப் பிறகு மருந்தில்லாத தீவனம் அள்ளின சவல். கணேஸ் அந்த நேரம் வத்தேகமவில."

"அப்ப மேல இருந்தது, மிஸ்?" என்றாள் வேலாயி.

"ஒன்பதுக்கு முன்ன செத்த மாதிரிக் காட்ட, பிறகு கொட்டினது. மருந்துச் சாக்குப் பூட்டின அறைச் சாவி ஒருத்தர்ட்டதான் இருக்கு."

பஹீம் சிரித்தார். "நான் ஏன் ராத்தா அவனைக் கொல்லணும்?"

"சாக்கில எழுதின மருந்தில பாதிதான் உள்ள இருக்கு. மஹ்மூத்தும் அதை அளந்து கண்டுபிடிச்சிருப்பார். திருடின மத்த பாதியை இன்னைக்குக் காலையில உங்கட வீட்டு அலுமாரியிலிருந்து பொலிஸ் எடுத்தது."

பஹீம் சாக்குக் கொக்கியைப் பறித்துக் கைரியாவின் கழுத்துக்குப் பாய்ந்தான். வேலாயி தராசுப் படிக்கல்லால் அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மாலையில் கணேஸ் ஜீப்பில் வந்தான். இறக்கிவிட, கூட வேலை செய்த நாலு பேர் ஓடிப்போய்க் கை நீட்டினார்கள்.

அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு ஜீப்பின் மூலையில் ஒடுங்கினான்.

பாலம்மா அவர்களை விலக்கிவிட்டுத் தானே ஏறினாள்.