கண்ணாடிக்குள் தெரியாத குறி

"ஷார்லோத்தான் செய்தவள், அக்கா. வேற ஆர்?" என்று கேட்டுக்கொண்டே சிவரஞ்சினி தையற்கடைக்குள் வந்தாள்.

கோசலை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருப்பவளுக்கு ஊர்க்கதை தானாக வந்து சேரும். இருந்தாலும் இது சாதாரணக் கதையாகத் தெரியவில்லை. மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சூசைநாதனை அவள் ஆவலோடு பார்த்தாள். புதுச்சேரிக்காரரான அவர் அரசாங்கத்தில் ஆயுத அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்கம்பக்கத்துச் சிக்கல்களை அவர் அவிழ்ப்பார். பக்கத்தில் நின்று முந்திக்கொண்டு தப்பாக ஊகிப்பது கோசலையின் பங்கு.

"உட்காருங்க, மதாம். முதலிலிருந்து சொல்லுங்க" என்றார் அவர்.

சிவரஞ்சினி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். சார்செல் பக்கத்துத் துப்பாக்கிச் சுடும் கழகத்துக்கு அவளை முதன்முதலில் கூட்டிப்போனவன் அவள் கணவன் தவசீலன். இப்போது கழகத்துச் சுவரில் தொங்குவது அவள் படம். பிராந்தியப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம். அதற்கான தேர்வு போன ஞாயிறு நடந்தது.

"ரயில் பிந்திப்போச்சு, ஐயா. சுட்டுப் பாக்க நேரம் இல்லை. நேரா நிண்டு சுட்டன். எல்லாம் இடப்பக்கம் போச்சுது. பிறகு ஆயுதக் கடைக்காரர் பாத்திட்டு, குறிபாக்கிற சிவப்புப் புள்ளிக் கண்ணாடியிலை புள்ளியை நகர்த்துற திருகாணியை ஆரோ வேணுமெண்டு திருப்பியிருக்கினம் எண்டு சொன்னவர்."

"திருப்ப யாருக்கு வாய்ப்பு?"

"பேர் பதியப் போகேக்கை துப்பாக்கிப் பெட்டியை ஷார்லோத்திட்டைக் குடுத்தனான். சாவி பூட்டிலையே இருந்தது. இப்ப அந்த இடம் அவளுக்குத்தான் கிடைச்சிருக்கு." அவள் கைபேசியை எடுத்தாள். "அங்கை எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள், ஐயா."

கழகத் தலைவருக்கு அனுப்பவேண்டிய முறைப்பாடு அவள் கைபேசியில் எழுதித் தயாராக இருந்தது. அனுப்பினால் ஷார்லோத்தைக் கழகத்தை விட்டே நீக்கிவிடுவார்கள்.

"அனுப்பு, பிள்ளை!" என்றாள் கோசலை. எதிர்த் தையற்கடை வசந்தரூபி சிரித்துப் பேசியே கோசலையின் வாடிக்கைக்காரியைத் தட்டிக்கொண்டு போன நாளிலிருந்தே, சிரித்துப் பேசும் பெண்கள்மேல் அவளுக்கு ஒரு கடுப்பு.

சூசைநாதன் கையமர்த்தினார். "திருகாணி கழகத்தில்தான் திரும்பியது என்று எப்படித் தெரியும்? வீட்டில் திரும்பியிருக்கக் கூடாதா?"

"இல்லை, ஐயா. இவர் ஞாயிறு காலமை எடுத்துப் பாத்தவராம். எல்லாம் சரியா இருந்ததாம். கொஃப்ருக்குள்ளை, அந்த இரும்புப் பெட்டகத்துக்குள்ளை, வைச்சுப் பூட்டுறது. அதின்ரை இலக்கம் எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்."

அவள் துப்பாக்கியின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். ஞாயிறு தேர்வு முடிந்த கையோடு எடுத்தது. கோசலையும் எட்டிப் பார்த்தாள். மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிச் சட்டம். குழல் நுனியில் பால்பல் மாதிரிக் குட்டையாக, குறிபார்க்க ஒரு இரும்புக் குறி. பிறகு சிவரஞ்சினி கைப்பையிலிருந்து பிரிக்காத இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தாள்.

"இது உயரமான இரும்புக் குறியள், ஐயா. புள்ளி அணைஞ்சு போனாலும் இதை வைச்சுச் சுடலாம். ஒண்டு கண்ணாடியின்ரை நடுவிலை தெரியும், மற்றது அடியிலை தெரியும். எது நல்லதெண்டு விளங்காமல் ரெண்டையும் வாங்கினனான். இவர் ரெண்டும் தேவையில்லை எண்டிட்டார். தன்ரையிலை மட்டும் உயரமானது பூட்டியிருக்கிறார்."

சூசைநாதன் தேநீரைக் கீழே வைத்தார். "அவரை இங்கே வரச்சொல்ல முடியுமா?"

மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, வெங்காய வாசனையோடு தவசீலன் வந்தான். இரண்டு தெரு தள்ளியுள்ள உணவகத்தில் அவன் சமையல்காரன்.

"அவ வெண்டா எனக்குச் சந்தோஷம்தானே, ஐயா. நல்லாத்தான் சுடுறவ" என்றான்.

கோசலைக்குச் சுருக்கென்றது. வசந்தரூபி தைத்த சட்டையை யாராவது காட்டினால் அவள் வாயிலிருந்தும் இதே 'நல்லாத்தான்', இதே இழுவையில்தான் வரும். சட்டை நன்றாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. முதன்முறையாக அவள் முந்திக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"ஞாயிறு காலை நீங்கள் பார்த்தது முக்கியமான சாட்சி" என்று சூசைநாதன் சுண்ணக்கட்டியை நீட்டினார். "கண்ணாடிக்குள் என்ன தெரிந்தது? வரைந்து காட்டுங்க."

தவசீலன் மேசையில் கிடந்த கறுப்புத் துணியில் தயங்காமல் வரைந்தான். ஒரு சட்டம். அதற்குள் நிமிர்ந்து நிற்கும் முன்குறி. அதன் உச்சியில் ஒரு புள்ளி.

"குறியின்ரை தலையிலை புள்ளி அப்பிடியே இருந்தது. ஒரு மயிரிழையும் விலகேல்லை."

"நிச்சயமாக?"

"ஓம். என்ரை கண்ணாலை பாத்தனான்."

"நல்லது" என்றார் சூசைநாதன். கோசலையின் ஊசிப்பெட்டியைத் தூக்கி நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு குண்டூசியைக் குத்தினார். "கோசலை, பெட்டியின் மேல்விளிம்பு வழியாகப் பாருங்க. ஊசி தெரியுதா?"

"இல்லை. பெட்டி மறைக்குது."

"இவர் மனைவியின் துப்பாக்கியும் அப்படித்தான். முன்குறி குட்டை. கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பாகம் அதை மறைத்துவிடும். கண்ணாடிக்குள் பார்த்தால் புள்ளி மட்டும்தான் தெரியும், குறி தெரியாது. உயரமான குறி இன்னும் பொட்டலத்தைவிட்டு வெளியே வரவில்லை." அவர் துணியைத் தட்டினார். "மிசியே தவசீலன், நீங்க வரைந்திருப்பது உங்க துப்பாக்கியை. ஞாயிறு காலை நீங்க எதையும் பார்க்கவில்லை."

தவசீலன் படத்தையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"பார்க்காததைப் பார்த்தேன் என்று ஏன் சொல்லவேண்டும்? காலையில் சரியாக இருந்தது என்றால் பழி கழகத்துக்குப் போகும். உயரமான குறி வேண்டாம் என்று ஏன் தடுக்கவேண்டும்? அது இருந்திருந்தால், புள்ளி குறியின் தலையைவிட்டு விலகி நிற்பது சுடுவதற்கு முன்பே இவங்க கண்ணில் பட்டிருக்கும். திருகாணியைத் திருப்பினீங்க. அவசரத்தில் கண்ணாடி வழியாக ஒருதடவைகூடப் பார்க்கவில்லை."

தவசீலன் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தான்.

"நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்" என்றான். "எப்பிடி நிக்கிறது, எப்பிடி மூச்சை விடுறது எண்டெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தனான். இப்ப நான் குறி பிழைச்சால், மனுசியிட்டைக் கேள் எண்டு சிரிக்கிறாங்கள். ஓம், எரிச்சல்தான். வயிறு எரிஞ்சுது. ஒருக்கா, ஒரேயொருக்காத் தோக்கட்டும் எண்டு நினைச்சிட்டன்."

"ஷார்லோத்தைக் கள்ளியாக்கவும் நினைச்சனீங்களோ?" என்றாள் சிவரஞ்சினி.

அவன் துணியில் வரைந்த புள்ளியை விரலால் அழித்தான். கோசலைக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. அதோடு கொஞ்சம் வெட்கமும் வந்தது. சற்று முன்னால் அந்தப் பெண்ணைக் கழகத்தை விட்டுத் துரத்தச் சொன்னது அவள்தானே.

சிவரஞ்சினி எழுதி வைத்திருந்த முறைப்பாட்டை அழித்தாள். தலைவரின் எண்ணை அழுத்திக் கைபேசியைக் கணவனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கோ. திரும்பச் சுட விடுவினமோ இல்லையோ, அவளிலை பழி நிக்கக்கூடாது."

அவன் வாங்கிக்கொண்டான். "போன்ஜூர்... தவசீலன் கதைக்கிறன்" என்று பிரெஞ்சில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு சூசைநாதன் பக்கம் திரும்பினாள்.

"எதைப் பூட்ட, ஐயா?"

"இரண்டும் வேலை செய்யும், மதாம். நடுவில் நிற்பது எப்போதும் கண்ணுக்குள் நிற்கும். அடியில் நிற்பது ஒதுங்கியிருக்கும், தேவைப்படும்போது தெரியும்."

"எனக்கு முன்னாலை ஒண்டும் மறைச்சு நிக்க வேண்டாம்" என்று அவள் அடியில் தெரியும் பொட்டலத்தைக் கைப்பையில் போட்டாள். மற்றதை மேசையிலேயே விட்டாள்.

வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கணவனிடம் சொன்னாள். "நான் ஷார்லோத்திட்டைப் போறன். வந்து கொஃப்ரின்ரை இலக்கத்தை மாத்துவன். உங்கடை துப்பாக்கிக்கு வேற பெட்டகம் வாங்குங்கோ."