கைசா படுத்த அறை

அறுபது வருடமாக நெருப்பே காணாத கணப்படுப்பு, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே ஜூலை வெயில், லிண்டன் மரங்களில் தேனீக்களின் ரீங்காரம், தோட்டத்துக் காபிக்கடையிலிருந்து பட்டை போட்ட ரொட்டியின் மணம். உள்ளே, மாளிகை அருங்காட்சியகத்தில் ஒரு காலத்து வேலைக்காரி கைசா படுத்த இந்தச் சின்ன அறையில் மட்டும், பிர்ச் கட்டை எரிந்து தணிந்த வாடை. இல்வா வெள்ளை ஓடுகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"வெயில் ஏறியிருக்கும்" என்றான் வழிகாட்டி சிக்ஸ்டன். சுவரில் மாட்ட வேண்டிய புதுப் பலகை அவன் கையில் இருந்தது. "கடைசியா கேக்குறேன் இல்வா. 'கைசா தன் கவனக்குறைவால் இறந்தாள்'னே மாட்டிடவா? ஊர்ல வேற மாதிரில்ல பேசுறாங்க."

"ஊர் வாய்க்கு மெல்ல ஏதாச்சும் வேணும். இது எங்க குடும்பத்து மாளிகை. மாட்டு."

"உத்தரவு மகாராணி!" திருகாணி எடுக்கப் போனான்.

உண்மை இல்வாவுக்குத் தெரியும். கங்கு அணையும் முன் புகைவழியை மூடினால் கண்ணுக்குத் தெரியாத விஷக்காற்று அறையை நிரப்பும். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எஜமானரின் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி கைசா தூங்கிய இரவில், இல்வாவின் வம்சத்து எஜமானிதான் வந்து புகைவழியை மூடிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பாவி!

இல்வாவின் ஆறு வயது மகள் தூவா, கைசாவின் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"எந்திரி கண்ணு, அதுல படுக்கக்கூடாது."

"தலை வலிக்குதும்மா. தூக்கமா வருது."

கணப்படுப்பின் ஓரத்தில் இரண்டு கயிறுகள் தொங்கின, புகைவழியைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. மூடும் கயிறு தானாக, நிதானமாக, ஒரு சாண் இறங்கியது. மேலே இரும்புத் தகடு டக்கென்று உட்கார்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு திரும்பியது.

இல்வா திறக்கும் கயிற்றை இழுத்தாள். வரவில்லை. அதில் தொங்கினாள். மேலே யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஜன்னல். பெயின்ட் இறுகி அசையவில்லை. நாற்காலியை வீசினாள். கண்ணாடி உடையவில்லை.

"தூவா! எந்திரிடீ!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தூவாவின் தலை தொங்கியது.

"நாங்கதான் கொன்னோம்!" இல்வா அலறினாள். "பலகையில இருக்கறது பொய்! நான்தான் எழுதச் சொன்னேன். கைசா, என் புள்ளைய விட்டுடு!"

பூட்டு திறந்தது. முதுகில் ஒரு கை. அவளை மட்டும் வெளியே தள்ளியது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

தோட்டத்து வழியாகச் சுற்றி ஓடினாள். வெளியிலிருந்து அந்த அறையின் ஜன்னலில் முகத்தை அழுத்தினாள்.

கட்டிலில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து, தூவாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இருவர் கன்னத்திலும், கங்கின் விஷக்காற்றில் செத்தவர்களுக்கே வரும் அந்த அழகான சிவப்பு.