லியானிக்குக் குடை பிடித்த தார்ப்பாய்

பாய் விரித்தாகிவிட்டது. பொரியில் காரம் கலந்தாகிவிட்டது. டிவியைப் போட வேண்டியதுதான் பாக்கி.

"சீக்கிரம் போடுடி! ஊரே பாத்து முடிச்சிருக்கும்" என்றாள் தேன்மொழி.

"இப்பதானே அம்மி செல்லைக் குடுத்தாங்க. பாஸ்வேர்டு அதுலதான் வரும்" என்றாள் சமரீன். அவள் தன் அம்மாவை அம்மி என்றுதான் கூப்பிடுவாள்.

லியானியின் கச்சேரிப் படம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே ஆப்பில் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் பெங்களூரில் ஒரு பெரிய மைதானத்தில் நடந்த கச்சேரி அது. லியானி யார் என்று மட்டும் சமரீனிடம் கேட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் உங்களை விடமாட்டாள்.

சமரீன், தேன்மொழி, பாரதி மூவரும் கடத்தூரில் ஒரே தெரு. ஒரே பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

வீட்டின் முன் அறையில் சமரீனின் அப்பா அக்பர் அலி, தார்ப்பாயில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதுதான் அவர் தொழில். டங், டங் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. டிவியில் முதல் பாட்டு தொடங்கியதும் சுத்தியல் நின்றது.

"இது பாட்டா? தகரத்த ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குது!" என்றார் அப்பா.

"அப்பா! நீங்க அடிக்கிறதுதான் தகரச் சத்தம்!" என்று சமரீன் கத்தினாள்.

பத்துப் பாட்டு முடிந்தது. பதினோராவது பாட்டின் நடுவில் மைதானத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டோ கொட்டு என்று கொட்டியது. மேடைக் கூரையும் ஒழுகியது. லியானி உள்ளே ஓடவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். மேடை வேலைக்காரர்கள் நான்கு பேர் எங்கிருந்தோ ஒரு பச்சைத் தார்ப்பாயைக் கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்கள்.

கேமரா லியானியின் முகத்துக்கு அருகே போனது. தார்ப்பாயின் ஒரு மூலை அவள் காதோரம் தொங்கியது. அதில் மஞ்சள் பெயிண்டில் ஒரு போன் நம்பர். நம்பருக்குக் கீழே ஒரு சின்ன நட்சத்திரம்.

சமரீன் வாயில் போட்ட பொரி வாயிலேயே நின்றுவிட்டது.

"நிறுத்து! படத்த நிறுத்து!"

"ஏண்டி? என்னாச்சு?" என்று பாரதி பயந்துபோய்க் கேட்டாள்.

"அந்த நட்சத்திரம்... அது நான் போட்டது!"

தார்ப்பாய் தைத்து முடிந்ததும் அதன் மூலையில் கடையின் பெயரையும் போன் நம்பரையும் எழுதுவது வழக்கம். லாரி எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா? எழுத்து வெட்டிய தகரத் தகடுகளை வைத்து அதன்மேல் பெயிண்ட் ஒற்றுவார்கள். விடுமுறை நாட்களில் அது சமரீனின் வேலை. கடைசியாகத் தன் கைவேலையாக ஒரு குட்டி நட்சத்திரம் வரைந்துவிடுவாள்.

"அப்பா! ஓடி வாங்க! நம்ம தார்ப்பாய் டிவில வருது!"

அப்பா சுத்தியலோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். அவர் கண் இரண்டும் விரிந்தன.

"அட! இது பொம்மிடி குப்புராஜ் வண்டிக்குப் போன வருசம் தெச்சது! பெங்களூருக்கு மேடைக் கம்பி ஏத்திட்டுப் போறேன்னு சொன்னான். தையலப் பாரு, ரெட்டைத் தையல். பரிதா! இங்க வந்து பாரு!"

அம்மி வந்து பார்த்தாள். தேன்மொழியும் பாரதியும் சமரீனைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். லியானியின் காதோரம் சமரீனின் நட்சத்திரம்! நம்பவே முடியவில்லை. துணி மடிந்து கடையின் பெயர் மறைந்திருந்தது. போனால் போகிறது, நம்பர் பளிச்சென்று தெரிகிறதே!

அப்பா மட்டும் குதிக்கவில்லை. டிவிக்கு அருகே போய்க் குனிந்தார்.

"சமரீன், கடைசி நம்பர் என்ன, படி."

"ஒன்பது."

"நம்ம நம்பர்ல கடைசி என்ன?"

"ஆ... று."



ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு. தலைகீழாகத் திருப்பினால் ஆறு ஒன்பதாகிவிடும். ஆறு வேண்டுமானால் தகட்டின் ஓரத்தில் வைத்திருக்கும் சிவப்புப் புள்ளி மேலே இருக்க வேண்டும். இது சமரீனுக்கு நன்றாகத் தெரியும். குப்புராஜின் தார்ப்பாயில் எழுதிய அன்று அவள் காதில் இயர்போன் இருந்தது. அதில் லியானி பாடிக்கொண்டிருந்தாள். தகடும் ஆடியது, சமரீனும் ஆடினாள்.

"அதான் பாத்தேன்" என்றார் அப்பா. "குப்புராஜ் தார்ப்பாயப் பாத்து நாலஞ்சு பேர் நம்பர் எழுதிக்கிட்டாங்கன்னு சொன்னான். ஒருத்தர்கூடக் கூப்புடல."

அம்மியின் செல்லில் லியானி ரசிகர்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாரதி, "ஐயோ!" என்றாள்.

"என்னடி?"

"எல்லாரும் அந்த நம்பரைப் போட்டிருக்காங்க. 'இது லியானியோட ரகசிய நம்பர், நட்சத்திரம் போட்டிருக்கு பாருங்க'ன்னு எழுதியிருக்காங்க. ரெண்டாயிரம் பேருக்கு மேல கமெண்ட் போட்டிருக்காங்க!"

சமரீன் செல்லை வாங்கிப் பார்த்தாள். அந்த நம்பர் யாருடையதோ? பாவம், அவருடைய போன் பன்னிரண்டு மணியிலிருந்து எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

அப்பா உடனே தன் செல்லில் அந்த நம்பரை அழுத்தினார். பிசி. மறுபடியும் பிசி. இருபது தடவைக்கு மேல் முயன்ற பிறகு மணி அடித்தது. அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"யாருய்யா நீ? உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு பெண்ணின் குரல் வெடித்தது.

"அம்மா, நாங்க கடத்தூர்ல இருந்து..."

"எந்த ஊரா இருந்தா எனக்கென்ன? ஆறு மாசமா தார்ப்பாய் இருக்குதான்னு கேட்டீங்க. இன்னிக்குப் பாட்டுப் பாடுன்னு கேக்கறீங்க! நான் வத்தல்மலையில சாமை வெதைக்கிற செல்லி. எனக்கு என்ன பாட்டுத் தெரியும்?"

பக்கத்து வத்தல்மலையா! எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. முன்பு தர்மபுரியில் குடை போட்டு சிம் விற்றபோது வரிசையில் நின்று வாங்கியதுதான் அவருடைய நம்பர். அதே வரிசையில் கொஞ்சம் பின்னால் செல்லியும் நின்றிருக்க வேண்டும்.

"அம்மா, தப்பு என்னுதுங்க. நான்தான் நம்பரைத் தப்பா எழுதிட்டேன்" என்றாள் சமரீன்.

சின்னப் பெண்ணின் குரலைக் கேட்டதும் செல்லியின் கோபம் இறங்கியது. இப்போது அழுகை வந்தது.

"அம்மாடி, எந் தங்கச்சி கருப்பி தர்மபுரி ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குச் சேந்திருக்கறா. ரத்தம் தேவைப்பட்டா அவ வூட்டுக்காரர் கூப்புடுவாரு. நான் எறங்கிப் போவணும். அவ மூத்த புள்ளைங்க ரெண்டும் எங்கிட்ட இருக்குது, சும்மா கெளம்ப முடியாது. அஞ்சு மணிக்குக் கடைசி பஸ்ஸு. நானா கூப்புடலாம்னு எடுத்தா, அதுக்குள்ள எவனோ வந்துடறான். காத்துல கரண்டும் போயிடுச்சி. செல்லுல ஒரே ஒரு கோடுதான்..."

பேச்சு அறுந்துவிட்டது.

சமரீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி அடித்து ஐந்து நிமிடம். தன்னால் ஒரு அக்கா ஆஸ்பத்திரியில் கஷ்டப்படுகிறாள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

அப்பா மறுபடியும் நம்பரை அழுத்தப் போனார். சமரீன் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ப்பா! நாம கூப்பிட்டாலும் சார்ஜ்தான் போகும். அவங்க தங்கச்சி வூட்டுக்காரருக்கு லைன் கிடைக்காது."

"அப்ப என்ன பண்றது?" என்று தேன்மொழி கேட்டாள். "கூப்பிடாதீங்கன்னு எழுதுவோமா?"

"அப்படி எழுதினா, ஏதோ ரகசியம் இருக்குன்னு இன்னும் நிறைய பேரு கூப்பிடுவாங்க" என்றாள் பாரதி.

அது உண்மைதான். வேண்டாம் என்று சொன்னால் சமரீனே கேட்க மாட்டாள். வேறு எங்கே கூப்பிட வேண்டும் என்று சொன்னால்? அவள் எழுந்து முன் அறைக்கு ஓடினாள். அந்தத் தகரத் தகட்டோடு திரும்பி வந்தாள்.

"அப்பா, உங்க நம்பரை எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

"எல்லாரும்னா?"

"லியானி ரசிகர்கள் எல்லாரும்."

அப்பா எச்சில் விழுங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார்.

"எல்லா லாரியிலயும் எழுதியிருக்கறதுதானே? சொல்லு."

வீடியோ எடுக்க அம்மி செல்லைப் பிடித்தாள். சமரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். லியானி தலைக்கு மேல இருந்தது எங்கப்பா தெச்ச தார்ப்பாய். நட்சத்திரம் நான் போட்டது. இந்தத் தகடு இப்படி இருந்தா ஆறு. திருப்பினா ஒன்பது. நான் பாட்டுக் கேட்டுக்கிட்டே எழுதினதால திருப்பி வச்சிட்டேன். அது லியானி நம்பர் இல்ல. அது ஒரு அம்மாவோட நம்பர். அவங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்காங்க. அங்கேருந்து வர்ற போனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. அந்த நம்பரை எங்க பாத்தாலும் அழிச்சிடுங்க. என்னைத் திட்டணும்னாலும், தார்ப்பாயப் பத்திக் கேக்கணும்னாலும் எங்க கடைக்குக் கூப்பிடுங்க."

கடையின் நம்பரை இரண்டு தடவை சொன்னாள். கடைசி எண்ணை மூன்று தடவை சொன்னாள்.

பாரதி அதை ரசிகர்கள் பக்கத்தில் ஏற்றினாள். பக்கத்தை நடத்தும் கல்லூரி அக்கா அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பழைய கமெண்ட்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

நாலு இருபது. அப்பாவின் செல் அடித்தது.

"லியானி இருக்காங்களா?"

"இது தார்ப்பாய்க் கடைங்க. லியானி இங்க இல்லீங்க" என்றார் அப்பா.

வைத்ததும் மறுபடி அடித்தது. சென்னையிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒருவர், துபாயிலிருந்துகூட ஒருவர். "அந்தத் தார்ப்பாயில ஒரு துண்டு கிடைக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். "குப்புராஜ் தலையில அடிச்சிக்குவாரு தம்பி" என்றார் அப்பா. ஒருவர் திட்டவும் திட்டினார். சமரீன் செல்லை வாங்கி, "சரிங்க, தப்புதாங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

எல்லாம் இங்கேயே வரட்டும், இங்கேயே வரட்டும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மணி ஐந்து ஆனது. ஐந்தரை ஆனது. மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பதினோராவது பாட்டு டிவியில் அப்படியே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. பொரி நமுத்துப்போனது.

ஏழு மணிக்கு மறுபடியும் செல் அடித்தது. அப்பா திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"சமரீன்! ஒன்பது!"

சமரீன் பாய்ந்து வாங்கினாள்.

"அம்மாடி, செல்லி பேசறேன்." பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. "இங்க வந்துதான் சார்ஜ் போட்டேன். நர்ஸம்மா செல்லுல ஒன் வீடியோவக் காட்டுனாங்க, அதுல இருந்த நம்பரப் பாத்துத்தான் கூப்புடறேன். நாலரைக்கு மேல என் செல்லு கப்சிப்னு ஆயிடுச்சி. நாலே முக்காலுக்குக் கருப்பி வூட்டுக்காரரு கூப்பிட்டாரு. உடனே வரணும்னாரு. புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு ஓடிப் போயி பஸ்ஸப் புடிச்சேன். ரத்தம் குடுத்துட்டேன். பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

தேன்மொழியும் பாரதியும் சமரீனைக் கட்டிக்கொண்டு மறுபடியும் குதித்தார்கள். இந்த முறை அப்பாவும் சுத்தியலோடு குதித்தார்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் செல்லி. "ஆறு மாசமா தார்ப்பாய்க் கடை வேலையும் பாத்தாச்சு. சாமை காயப்போட எனக்கொரு தார்ப்பாய் வேணும். நல்லதாத் தெச்சுக் குடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லியின் தார்ப்பாய் தயாரானது. சமரீன் இயர்போனைக் கழற்றி அம்மியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் புள்ளி மேலே இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தாள். ஒற்றினாள். நட்சத்திரம் வரைந்தாள்.

அப்படியும் அவளுக்கு நிம்மதி இல்லை. பெயிண்ட் காய்வதற்குள் அம்மியின் செல்லை எடுத்து, தார்ப்பாயில் எழுதியிருந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினாள்.

முன் அறையில், அப்பாவின் சட்டைப் பையிலிருந்து லியானியின் பதினோராவது பாட்டு ஒலித்தது.