எங்கள் வீட்டுப் பக்கம் மலை இல்லை

வாருங்கள் கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். சாய்ந்துகூட உட்காரலாம். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோருமே களைத்துப் போனவர்கள்தான். நீங்கள் கொட்டாவி விடுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரு வீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணனுக்குக் காது கேட்காது, கையால் பேசுவான்; வீட்டில் மற்றவர்களும் அவனோடு கையால்தான் பேசுவார்கள். தங்கைக்கு வாய் ஓயாது. அதனால் அவளை எல்லோரும் வாயாடி என்றே கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே அறையில் தேர்வு மட்டும் நடக்கும். பாடமெல்லாம் போனில் வீடியோவாக வரும். டீச்சர் பேசப் பேச, போனே அதைக் கேட்டுக் கீழே எழுத்தாகப் போடும். அண்ணன் அதைப் படித்துக்கொள்வான்.

ஒரு நாள் தேர்வுத்தாளோடு வந்தவன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். பத்துக்கு இரண்டு.

தையல் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளைப் படித்தாள்.

‘எந்த நீரை வீட்டில் சேமிக்கலாம்?’

‘மலைநீரை. ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் மலை இல்லை.’

‘தாவரத்துக்கு உணவு தயாரிப்பது எது?’

‘தாவரத்துக்கு யாரும் உணவு தயாரிப்பது இல்லை. பாவம்.’

கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘கேலியா? அடுத்த தேர்விலும் இப்படி என்றால் கீழ் வகுப்புதான்.’

கீழ் வகுப்பு என்றால் வாயாடியின் வகுப்பு!

“உன் பெஞ்சுல வந்து உட்காரணுமா நான்? இனிமே பாடமே பார்க்க மாட்டேன்” என்றது அண்ணனின் கை.

“எனக்கு முடியலடி. என்னன்னு நீ கொஞ்சம் பாரேன்” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாயாடி பாடத்தைப் போட்டாள். டீச்சர் சரியாகத்தான் சொன்னார். பிறகு ஏன் இப்படி? யோசித்தவள், சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். இப்போது அவளுக்கும் எழுத்து மட்டும்தான்.

டீச்சர் வாய் ‘மழைநீர்’ என்று அசைந்தது. கீழே ‘மலைநீர்’ என்று வந்தது. ‘உணவு தயாரிப்பது இலை’ என்று அவர் சொன்னது, ‘உணவு தயாரிப்பது இல்லை’ என்று வந்தது!

வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்தாவது தப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. இதையா அண்ணன் விழுந்து விழுந்து படித்தான்?

மறுநாள் பள்ளிக்கூட அறையில், டீச்சர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், உங்க பாடத்தைச் சத்தமில்லாம ஒரு நிமிஷம் பாருங்களேன்.”

“நாலு வகுப்புக்குப் பேசித் தொண்டையே கட்டிப்போச்சும்மா. என் குரல் இல்லாம இருந்தா எனக்கும் நிம்மதிதான்” என்றபடி போனை வாங்கினார். அரை நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஐயையோ! அவன் கேலி பண்றான்னு நினைச்சேனே... எல்லாத்தையும் திருத்தணும். எனக்கு எங்கம்மா நேரம்?”

“நீங்க பார்த்துப் பேசற நோட்டைக் குடுங்க டீச்சர். நானும் அண்ணனும் திருத்தறோம்.”

“நீயா? உன் எழுத்துப்பிழையைத் திருத்தவே ஓர் ஆள் வேணுமாமே!”

“அதுக்குத்தான் அண்ணன்!”

வாயாடி பாடத்தைக் கேட்டுக் கேட்டு, தப்பு வந்த இடத்தில் நிறுத்தினாள். அண்ணன் நோட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் திருத்தினான். நாலு நாள் சாயங்காலம் இதே வேலை. கண் எரிந்தது.

“போதும்ணே.”

“இன்னும் ஒரே ஒரு வரி” என்றது கை. இப்படியே இருபது வரி!

திருத்தியதை டீச்சர் எல்லோருக்கும் அனுப்பினார். அச்சகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த பையன் ஓடி வந்தான். “எங்க வீட்டுல மிஷின் சத்தத்துல ஒண்ணுமே கேட்காது. இப்பதான் பாடம் புரியுது!” என்றான். கைக்குழந்தை இருந்த வீட்டுப் பெண், “பாப்பா தூங்கும்போதே படிச்சிட்டேன்” என்றாள்.

அடுத்த தேர்வில் அண்ணனுக்குப் பத்துக்கு ஒன்பது. கீழே அதே சிவப்பு மை: ‘போன தடவை தப்பு உன்னுடையது இல்லை. மன்னித்துவிடு.’

“உன் பெஞ்சு தப்பிச்சுது” என்றான் கையால்.

“அப்பாடா! இனிமே நான் வாயை மூடிக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்.”

“அது மட்டும் நடக்காது” என்றது கை.

அம்மா சிரித்தாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து சிரித்தாள்.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சொல்கிறவர் தொண்டை வறளாமல், சொன்ன சொல் ஒருத்தரையும் விட்டுப் போகாமல், எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.